சித்தாரும் மின்னொலியும்: ஆனந்த சங்கர் நினைவு

முன்னேஸ்வரத்தில் பெருந்திருவிழா நடைபெறும் நாள்களில் மாலை வேளையிலே கோயில் வீதியில் நின்று பார்த்தவர்கள் நான் சொல்லப்போவதை அறிவார்கள். உள்ளே வடிவாம்பிகை சமேத முன்னைநாதருக்குப் பூசை நடக்கும். நாதசுரமும் தவிலும் ஒலிக்கும். வெளியே கடைத்தெருவில் ஓர் ஒலிபெருக்கி தமிழ்த் திரைப்பாடலைப் பாடும். பத்தடி தள்ளி மற்றொன்று சிங்களப் பைலாவை முழக்கும். பழக்கடைக்காரர் தம் வானொலியைக் காதோடு வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். கொழும்பிலிருந்து வரும் சங்கீத அபிமானிகள் சிலர் இதைக் கண்டு முகஞ் சுளிப்பதுண்டு. இவ்வூரிலே பிறந்து வளர்ந்த எங்களுக்கோ அது வெறும் இரைச்சலாகத் தோன்றுவதில்லை. எந்த ஒலி எங்கிருந்து வருகிறது, எதற்குச் செவி கொடுக்கவேண்டும், எதை ஒதுக்கவேண்டும் என்பது காதுக்குத் தானாகவே தெரிந்துவிடும். தமிழரும் சிங்களவரும், சைவரும் பௌத்தரும் ஒரே சந்நிதியில் வந்து நின்று கும்பிடும் ஊர் இது. கலப்பு என்பது எங்களுக்குக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமன்று. பிறவியிலேயே வாய்த்த பழக்கம்.

அப்படிப்பட்ட ஊரவனாகிய நான், கலப்பு ஒன்றையே குற்றமாகச் சாட்டி, ஒரு கலைஞரைச் சபையிலே நிறுத்தித் தண்டித்தேன் என்றால் அது வேடிக்கைதான். அந்தக் கலைஞர் ஆனந்த சங்கர்.

1976ஆம் ஆண்டு என்று நினைவு. வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு இருந்த காலம். புதிய இசைத்தட்டு ஒன்றைக் கண்ணாற் காண்பதே அரிது. கப்பலில் வேலை பார்த்த என் நண்பரொருவர் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியபோது ஒரு தட்டை வாங்கி வந்தார். சிலாபத்தில் அவர் வீட்டு முன்விறாந்தையில் நாங்கள் நாலைந்து பேர் கூடியிருந்து அதைக் கேட்டோம். சித்தார் ஒலித்தது, அதன் கீழே மேனாட்டு முரசு விடாமல் அடித்தது, கிற்றார் வாய்விட்டு அழுவதுபோல் ஒன்று செய்தது, இவையெல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வாத்தியத்தின் ஒலி என்று சொல்லமுடியாத ஏதோவொன்று வளைந்து நெளிந்து ஓடியது. நண்பர்கள் தாளம் போட்டார்கள். நான் போடவில்லை. அப்பொழுதுதான் ஆசிரியத் தொழிலில் சேர்ந்திருந்தேன். கருநாடக இசையும் கொஞ்சம் கற்றிருந்தேன். கொஞ்சம் கற்றவனுக்கு உரிய கண்டிப்பும் என்னிடம் இருந்தது. அடுத்த மாதம் எங்கள் இலக்கிய வட்டத்தில், உதய சங்கர் என்னும் மாமேதை திரட்டி வைத்த செல்வத்தை அவர் மைந்தர் சந்தையிலே கூறுபோட்டு விற்கிறார் என்ற கருத்துப்பட அரைமணி நேரம் பேசினேன். கைதட்டல் கிடைத்தது. அப்பேச்சின் குறிப்புத்தாள்களை நான் கிழித்தெறியவில்லை. மஞ்சள் பூத்து இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. இக்கட்டுரையை அவற்றுக்கு எழுதும் மறுப்பு என்று வாசக நேயர்கள் கொள்ளலாம்.

ஆனந்த சங்கர் 1942 டிசம்பர் 11ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிலே பிறந்தார். அந்த இடத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் அவர் வாழ்க்கையின் வித்து அங்கேதான் கிடக்கிறது. தந்தையார் உதய சங்கர் ஓவியம் பயில இலண்டனுக்குச் சென்றவர். அங்கே ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் கண்ணிற் பட்டு, 1923இல் அவரோடு மேடையேறி, நடனத்தையே வாழ்வாக்கிக்கொண்டவர். எந்த ஒரு நாட்டிய மரபையும் முறைப்படி முழுதும் பயிலாமலே இந்திய நடனத்தை உலகெங்கும் கொண்டுபோனவர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழீட்டித் திரும்பிய பின் அல்மோராவில் அவர் ஒரு கலை நிலையம் அமைத்தார். அங்கே பரதநாட்டியம் பயிற்றச் சென்னையிலிருந்து கந்தப்பா பிள்ளை சென்றார். அவர்தாம் பாலசரஸ்வதி அம்மையாரின் ஆசிரியர். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரி நடனத்துக்கு அமோபி சிங், இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான். நான்கு திசையிலிருந்தும் நான்கு ஆறுகள் வந்து ஒரு மலைமுகட்டிலே கூடியது போன்ற அந்த நிலையம், உலகப் போர்க் காலத்தின் பொருள் நெருக்கடியைத் தாங்கமுடியாமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டுவிட்டது. குழந்தை ஆனந்தனுக்கு அதை நினைவிற் கொள்ளும் வயதுகூட இல்லை. ஆயினும், தனித்தனி மரபுகளை ஒரே கூரையின்கீழ் வைத்துப் பழகலாம் என்ற துணிவு அவருக்குப் பிதுரார்ஜிதமாக வந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

அல்மோராவை விட்ட உதய சங்கர் சென்னைக்கு வந்தார். ஜெமினி ஸ்டூடியோவிலே 'கல்பனா' என்ற நாட்டியத் திரைப்படத்தை எடுத்தார். ஒளிப்பதிவாளர் நம் கே. ராம்நாத். பிற்காலத்தில் தமிழ்த் திரையை ஆண்ட பத்மினி முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அதில்தான். படம் 1948இல் வெளிவந்தது; பணம் வரவில்லை. ஆனந்தனின் தாயார் அமலா அம்மையார் அப்படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்று ஆடினார். தங்கை மமதா பிறந்ததும் 1955இல், சென்னையிலேதான். ஆகவே கல்கத்தாக் கலைஞராக அறியப்பட்ட இவருடைய பிள்ளைப் பருவத்தோடு தமிழகத்துக்கும் ஓர் உறவு உண்டு என்பதை நம்மவர் மறந்துவிடக்கூடாது.

பள்ளிக் கல்வியைக் குவாலியரிலுள்ள சிந்தியாப் பள்ளியிலே பெற்றார். பிறகு சித்தார் கற்க முனைந்தபோது அவர் எடுத்த முடிவொன்று கவனிக்கத்தக்கது. சிறிய தந்தையாரான ரவி சங்கர் அக்காலத்திலேயே உலகப் புகழ் பெற்ற சித்தார் மேதை. குடும்பத்திலே ஊற்றிருக்க, ஆனந்தர் அங்கே போகவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லால்மணி மிஸ்ராவிடம் சென்று பயின்றார். மிஸ்ரா முன்னர் உதய சங்கரின் நடனக் குழுவுக்கு இசை அமைத்தவர். விசித்திர வீணை வாசிப்பதில் நிபுணர். சுருதிகளை ஆராய்வதற்கென்றே புதியதொரு வீணையை வகுத்தவர். மரபிலே ஆழ வேரூன்றியவராயினும் வாத்தியங்களைப் பிரித்துப் பூட்டிப் பார்ப்பதில் அச்சமில்லாதவர். இத்தகைய ஆசிரியர் வாய்த்தமை மாணவரின் பிற்காலப் போக்குக்குப் பெரிதும் துணை செய்திருக்கவேண்டும். சிறிய தந்தையின் நிழலில் இன்னுமொரு சித்தார்க் கலைஞராய் நிற்பதற்கு அவர் விரும்பவில்லை என்று நான் ஊகித்தால் அது தவறாகாது.

இனி, 1960களின் பிற்பகுதி. மேனாட்டிலே சித்தாருக்கு யோகம் அடித்த காலம். பீற்றில்ஸ் குழுவினர் 1965இலும், றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் 1966இலும் தம் பாடல்களிலே அதைச் சேர்த்துவிட்டனர். 1967இல் கலிபோர்னியாவின் மொன்ரரே விழாவிலே ரவி சங்கர் வாசித்தபோது ஆயிரக்கணக்கான இளைஞர் மெய்ம்மறந்தனர். ஆனால் அந்தக் கூட்டத்தின் போதைப் பழக்கமும், இந்திய இசையை அவர்கள் அதனோடு முடிச்சுப்போட்டதும் ரவி சங்கருக்குப் பிடிக்கவில்லை. அவர் ஒதுங்கி நிற்க முயன்றார். அதே வேளையில்தான் இருபத்தைந்து வயது கடந்த ஆனந்தர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே போய் இறங்கினார். சிறிய தந்தையார் விலகி வந்த கூட்டத்தினுள்ளே அண்ணன் மகன் நுழைந்தார். நகரின் இளம் வாத்தியக்காரரோடு கூடி வாசித்தார். அவர்களுள் ஒருவர், மின்கிற்றாரை மந்திரக்கோலாக்கிய ஜிமி ஹென்றிக்ஸ். இருவரும் சேர்ந்து தட்டு ஒன்றும் வெளியிடவில்லை. 1970 செப்டெம்பரில் ஹென்றிக்ஸ் இறந்தே போனார். ஆனால் ஹென்றிக்ஸின் தட்டுகளை வெளியிட்ட அதே றிப்ரைஸ் நிறுவனம் ஆனந்தரோடும் ஒப்பந்தம் செய்தது. 1970இல் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு முதல் இசைத்தட்டு வெளிவந்தது. சித்தார் ஆனந்தருடையது. மோக் என்னும் மின்னொலிக் கருவியை இயக்கியவர் போல் லூவின்சன்.

அந்தக் கருவியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது. எழுத்தைக் கொண்டு பலரும் மூக் என்று வாசிப்பர். அதை ஆக்கிய றொபர்ட் மோக் தம் பெயரை மோக் என்றே உச்சரித்தார். 1964இல் நியூயோர்க் மாநிலத்திலே அவர் உருவாக்கிய இக்கருவி, மின்சாரத்திலிருந்து நேரே ஒலியைப் பிறப்பிப்பது. தந்தியும் இல்லை, துளையும் இல்லை, தோலும் இல்லை. ஒரு பகுதி ஒலியை உண்டாக்கும். மற்றொரு பகுதி, அரிதட்டு மாவை அரிப்பதுபோல, வேண்டாத கூறுகளை வடிகட்டும். இன்னொரு பகுதி அவ்வொலி எத்துணை விரைவாக எழவேண்டும், எவ்வாறு தேய்ந்து மறையவேண்டும் என்பதை வகுக்கும். இவற்றைக் கம்பிகளால் மாறி மாறிப் பிணைத்து, விரும்பிய ஒலியை வாசிப்பவரே கட்டிக்கொள்ளவேண்டும். சுருதியைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ற்று கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். சூடேறினால் சுருதி விலகிவிடும் என்பது வாசிப்போருக்குப் பெருந் தலையிடி.

அக்காலத்து மோக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். மேனாட்டு இசைக்கு இது பெருங் குறை. அவர்கள் பல சுரங்களை ஒருங்கே அடுக்கி எழுப்பும் மாளிகையே இசை என்று பழகியவர்கள். 1968இல் புகழ்பெற்ற பாக் இசைத்தட்டை மோக் கருவியால் ஆக்கிய வென்டி கார்லோஸ், ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவேண்டியிருந்தது. நமக்கோ ஒற்றைச் சுர ஓட்டந்தான் சங்கீதம். ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்வதும், இரண்டுக்கும் நடுவே அசைந்து நிற்பதுமே நமக்கு இன்பம். சித்தாரிலே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டிலிருந்து பல சுரங்களை வாங்குவார்கள். அடியிலுள்ள பரிவுத் தந்திகள் தொடாமலே அதிர்ந்து ஒரு புகைபோன்ற ஒலியைப் பரப்பும். மோக் கருவியும் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லவல்லது. இடைவிடாத சுருதியையும் தம்புராவைப்போல் தரவல்லது. ஆகவே அமெரிக்காவிலே பிறந்த இந்த இயந்திரம், ஒரு வகையில், பியானோவைவிட நமக்கு நெருங்கிய உறவு. 1976இல் நான் பேசியபோது இதை அறிந்திருக்கவில்லை. இயந்திரம் என்றாலே அந்நியம் என்று கணக்குப் போட்டேன். வயலின் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அன்று சபையில் யாரேனும் கேட்டிருந்தால் என் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனந்தர் தனியே ஒரு பித்துப் பிடித்து அலைந்தவருமல்லர். அந்த ஆண்டுகளிலே பல நாடுகளில் இந்த எண்ணம் ஒரே வேளையிலே முளைத்தது. பாரிசிலே மின்னொலி இசையின் முன்னோடிகளுள் ஒருவரான பியேர் ஆன்றி, ஆங்கிலேய றொக் குழுவொன்றோடு சேர்ந்து 1969இல் கிறிஸ்தவப் பூசையை அடிப்படையாகக் கொண்ட இசைத்தட்டை வெளியிட்டார். ஜெர்மனியிலே மின்னொலி இசையறிஞர் ஸ்டொக்ஹௌசனிடம் பயின்ற இளைஞர் இருவர் வேறு சிலரோடு கூடி 1968இல் கான் என்ற றொக் குழுவை அமைத்தனர். இந்தியாவிலேயே, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மின்னொலிக் கூடம் நிறுவப்பட்டது. அமெரிக்க இசையாளர் டேவிட் டியூடர் நேரில் வந்து மோக் கருவியைப் பூட்டிக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா முதலியோர் அங்கே பரிசோதனை செய்தனர். சில ஆண்டுகளில் அக்கூடம் மௌனமாயிற்று. ஒலிநாடாக்கள் அலமாரியில் உறங்கின. 2017இல் அவற்றை ஓர் ஆய்வாளர் கண்டெடுத்தார். 2023இல்தான் உலகம் அவற்றைக் கேட்டது. ஆய்வுக்கூடத்திலே நடந்தது ஒரு பக்கம். ஆனந்தரோ அதே இயந்திரத்தை இளைஞர் ஆடும் கூடத்துக்குக் கொண்டுவந்தார். எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தீர்ப்புச் சொல்லி நான் பட்டது போதும்.

அந்த முதல் தட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முதற் பக்கத்திலே றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் 1968ஆம் ஆண்டுப் பாடலொன்றும், டோர்ஸ் குழுவினரின் 1967ஆம் ஆண்டுப் பாடலொன்றும் சித்தாரிலே வாசிக்கப்படுகின்றன. சாமர்த்தியம் இருக்கிறது, சிரிப்பு வருகிறது, இரண்டாம் முறை கேட்க மனம் ஓடுவதில்லை. நிறுவனத்தார் விற்பனைக்காக விரும்பிய சரக்கு என்று வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. 'மமதா' என்றொரு சிறு இசை, தங்கையின் பெயரும் அதுவே, கனிவாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்திலுள்ள 'சாகர்' என்ற உருப்படிக்காக எஞ்சிய அனைத்தையும் மன்னித்துவிடலாம். பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் நீள்வது. அவசரமில்லை. மோக் கருவி கடலாகிறது. சித்தார் அதன்மேல் ஆலாபனைபோல் அசைகிறது. அலையை அப்படியே போலிசெய்து காட்டும் வித்தையாக மட்டும் அது இருந்திருந்தால் நான் பாராட்டமாட்டேன். கடல் ஒரு சுருதியாகி, அந்தச் சுருதியின்மேல் ஒரு மனிதன் தனியே இருந்து வாசிப்பதாகத் தோன்றுகிறதே, அதுதான் சிறப்பு. சிலாபத்துக் கடலை நாள்தோறும் கேட்டு வளர்ந்தவன் சொல்கிறேன்: அந்த மனிதருக்குக் கடல் தெரிந்திருந்தது. தட்டின் முடிவிலே காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டங்களாற் பிரசித்தி பெற்ற இரகுபதி பஜனையைப் பலர் கூடிப் பாடுகின்றனர். இராமபிரான் வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் கோயிலின் அயலில் இருந்துகொண்டு அதைக் கேட்பது எனக்கு ஒரு தனி அனுபவம்.

அமெரிக்காவிலே தொடர்ந்து தங்கியிருந்தால் பணமும் பெயரும் பெருகியிருக்கக்கூடும். அவர் தங்கவில்லை, கல்கத்தாவுக்குத் திரும்பினார். அங்கே தந்தையார் முதுமையிலும் புதுமையைக் கைவிடாமல், 1970இல் திரைப்படத்தையும் மேடை நடனத்தையும் பின்னிச் 'சங்கர்ஸ்கோப்' என்ற காட்சியை நடத்திக்கொண்டிருந்தார். மகன் அந்த வழியிலேயே இசை, நடனம், ஒளிக்காட்சி மூன்றையும் இணைத்து மேடை நிகழ்ச்சிகள் அமைத்தார். நடனக் கலைஞர் தனுஸ்ரீயை மணந்தார். அவர் அமலா அம்மையாரிடம் பயின்றவர். கணவர் இசையமைக்க மனைவியார் நடனம் அமைப்பது என்ற முறையிலே அவர்களுடைய குழு பல நாடுகளுக்கும் சென்று வந்தது. மிருணாள் சென்னின் 'கோரஸ்' என்ற 1974ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கு இசையமைத்தமைக்காக இந்திய அரசின் தேசிய விருது ஆனந்தருக்குக் கிடைத்தது. விற்பன்னர் சபைகள் இவரை ஐயத்தோடு நோக்கிய காலத்திலே வந்த இந்த விருது, அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும்.

1975இல் வெளியான 'ஆனந்த சங்கரும் அவர் இசையும்' என்னும் பொருளுள்ள ஆங்கிலத் தலைப்புடைய தட்டுத்தான் அன்று நாங்கள் சிலாபத்திலே கேட்டது. கல்கத்தாத் தெருக்களைப் பற்றியதும், ஆடும் முரசுகளைப் பற்றியதுமான இரண்டு உருப்படிகள் அதில் உள்ளன. இன்று கேட்கும்போது அமெரிக்கத் தட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நன்கு தெரிகிறது. முன்னதிலே சித்தார் மேனாட்டு வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தது. பின்னதிலே கிற்றாரும் மோக் கருவியும் கல்கத்தாவுக்கு விருந்தாளிகளாக வந்திருக்கின்றன, வீட்டுக்காரர் நம்மவர். தபேலாவும் மேனாட்டு முரசும் ஒன்றையொன்று அடக்க முயலாமல், ஒன்று விட்ட இடத்தில் மற்றது புகுந்து செல்கின்றன. எங்கள் கோயில் வீதியில் நான் தினமும் கேட்ட சங்கதியை ஒருவர் ஒழுங்குசெய்து தந்திருந்தார். நான் அதைச் சந்தைக் கூச்சல் என்றேன்.

1977 செப்டெம்பரில் உதய சங்கர் காலமானார். அவ்வாண்டிலேயே பிரிவைப் பொருளாகக் கொண்ட இசைத்தட்டொன்றைத் தந்தைக்கு அஞ்சலியாக மகன் வெளியிட்டார். எல்விஸ் பிறெஸ்லியின் பாடல்களைச் சித்தாரிலே வாசித்த சிறு தட்டொன்றும் வந்தது. அதை நான் பெரிதாக மதிப்பதற்கில்லை. 1981இல் 'ச-ரி-க மச்சான்' என்ற தட்டு. முதன்முதல் அந்தப் பெயரைக் கண்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நம் வழக்கில் மச்சான் என்றால் மனைவியின் சகோதரன் அல்லவா? இந்தியிலே அது காட்டு விலங்குகளைப் பார்ப்பதற்கு மரத்தின்மேல் கட்டும் பரண். புலியும் மயிலும் காண்டாமிருகமும் இசையிலே வந்து போகின்றன. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் மகிழ்வார்கள். என் வகுப்பிலே ஒருமுறை செய்து பார்த்தேன். 1984இல் வந்த '2001' என்ற தட்டிலே இயந்திரங்கள் மிகுந்து மனிதர் குறைந்துவிட்டார் என்பது என் எண்ணம். புகழும் அப்பொழுது மங்கத் தொடங்கிவிட்டது. மின்னொலிக் கருவிகள் மலிந்து, திரைப்படக் கூடங்களிலெல்லாம் குடிபுகுந்துவிட்டன. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியின் துணையோடு அமைத்த இசையைத் தமிழுலகம் வியந்து கேட்டது. அதைக் கேட்ட நம்மவரிலே எத்தனை பேருக்கு, பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே சித்தாரையும் மோக் கருவியையும் சேர்த்து அமர்த்திய ஒருவர் கல்கத்தாவில் இருக்கிறார் என்பது தெரிந்திருந்தது? எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை.

அவரை மீண்டும் தேடிக் கண்டெடுத்தவர்கள் விற்பன்னரும் அல்லர், விமரிசகரும் அல்லர். இலண்டனிலே இரவு நடனக் கூடங்களில் இசைத்தட்டுச் சுழற்றும் இளைஞர்கள்! பழைய தட்டுகளின் குவியலிலே 1975ஆம் ஆண்டுத் தட்டு அவர்கள் கையிற் சிக்கியது. 1996இல் புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பொன்றில் கல்கத்தாத் தெரு உருப்படி இடம்பெற்றது. எங்கேயோ பிறந்து, கிழக்கு இலண்டனிலே வளர்ந்த வங்காளப் பிள்ளைகள், தம் பெற்றோரின் இசைக்கும் தம் நண்பர்களின் இசைக்கும் நடுவே கிடந்து தவித்தவர்கள், தாம் போகவேண்டிய வழியிலே ஒருவர் ஏற்கனவே நடந்து போயிருப்பதைக் கண்டுகொண்டனர். அவர்களுள் ஸ்ரேற் ஒவ் பெங்கால் என்ற பெயரில் இசையமைத்த சாம் சமான் ஆனந்தரை நாடி வந்தார். ஐம்பது வயது கடந்த சித்தார்க் கலைஞரும், மகன் வயதுடைய இலண்டன் இளைஞரும் சேர்ந்து வோமாட் விழா மேடைகளிலே வாசித்தனர். கூட்டம் திரண்டது. புதிய தட்டொன்றும் தயாராயிற்று.

அது வெளிவருவதை அவர் காணவில்லை. 1999 மார்ச் 26ஆம் நாள் கல்கத்தாவிலே இதயம் நின்று இறந்தார். வயது ஐம்பத்தாறு. இளைஞருடன் செய்த அந்தத் தட்டு 2000ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அமலா அம்மையார் மகனுக்குப் பின்னும் இருபத்தோராண்டு வாழ்ந்து, நூற்றொரு வயதிலே 2020இல் மறைந்தார். சாம் சமானும் 2015இல் அகால மரணமடைந்தார்.

மரணச் செய்தியைப் பத்திரிகையின் உட்பக்கத்திலே சில வரிகளாகக் கண்டேன். அன்று பின்னேரம் பெட்டியைத் திறந்து பழைய குறிப்புத்தாள்களை எடுத்து வாசித்தேன். வசனங்கள் நன்றாக அமைந்திருந்தன, அதுதான் வருத்தம். பேச்சு முழுவதிலும், அந்தத் தட்டிலே எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. தந்தை யார், சிறிய தந்தை யார், இவர் எங்கே போயிருக்கவேண்டும் என்பவையே நிறைந்திருந்தன. நான் காதாலே கேட்கவில்லை. வமிசாவளியை வாசித்துவிட்டுத் தீர்ப்பெழுதியிருந்தேன். அன்று கைதட்டியவர்களிலே பலர் இன்று இல்லை. இருப்பவர்கள் இதைப் படித்தால், அந்தக் கைதட்டலை நான் திருப்பித் தந்துவிட்டதாகக் கருதிக்கொள்ளட்டும்.

1970ஆம் ஆண்டுத் தட்டை நான் முழுதாகக் கேட்டது 2006இலேதான். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவரொருவர் விடுமுறையில் வந்தபோது குறுந்தட்டாகக் கொண்டுவந்து தந்தார். சென்ற திருவிழாவின்போது, இசைப் பாடம் கற்கும் பக்கத்து வீட்டுப் பையன் அதை இரவல் கேட்டான். 'சாகர்' என்ற உருப்படியை மட்டும் முதலிற் கேள் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். தெதுறு ஓயாவிலே தீர்த்தம் முடிந்து, கொடியிறங்கி, கடைகளும் கழற்றப்பட்டுவிட்டன. தட்டு இன்னும் என் கைக்குத் திரும்பவில்லை. பையன் தன் அறையிலே இரவு நேரத்தில் அதைப் போடுவது மட்டும் மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கிறது.